சொட்டாத மஞ்சள் கரு

1.

இந்தக் கதை ஒரு சட்டைக் கறையிலிருந்து வந்தது. யாருடைய சட்டை என்று இப்போது கேட்காதீர்கள். உங்களை எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

எங்கள் கடலோர ஊரான மஹ்தியாவில் பெண் கேட்டு வருகிறவனுக்குப் பெண் வீட்டார் பிரிக் பொரித்து வைப்பார்கள். மெல்லிய மாவுத்தாளில் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, எண்ணெயில் போட்டு எடுப்பது. கையில் பிடித்துக் கடிக்க வேண்டும். மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் பெண் கிடையாது. சும்மா விளையாட்டுக்கு என்பார்கள். மப்ரூகாவின் அப்பா விளையாடுகிற ஆள் இல்லை.

2.

தொடக்கம் ஒன்று: மப்ரூகாவின் கண்கள் கடல்...

வேண்டாம். கண்ணில் ஆரம்பித்தால் நான் உருப்படமாட்டேன்.

தொடக்கம் இரண்டு: ஒரே வாரத்தில் இரண்டு பேர் மப்ரூகாவைப் பெண் கேட்டு வந்தார்கள். வலை பின்னுகிற மிக்தாத் முதலில் வந்தான். கடித்தான். சட்டையெல்லாம் மஞ்சள். அடுத்து துறைமுக அலுவலகத்து தீஜானி வந்தான். கடித்தான். ஒரு சொட்டு விழவில்லை. கல்யாணம் முடிந்தது. இரண்டு பேருக்கும் பொரித்தவள் மப்ரூகாதான்.

இது இருக்கட்டும்.

3.

(இங்கே அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.)

பழைய அரபியில் மஞ்சள் கருவுக்கு 'முஹ்' என்று ஒரு சொல் உண்டாம். எந்தப் பொருளிலும் சிறந்த பாகத்துக்கும் அதே சொல்லாம். பள்ளிவாசல் இமாம் சொன்னார். படித்தவர்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவது. இதை நம்பினேன். நம்பிய பிறகுதான் தூக்கம் போனது.

4.

தீஜானி கிழவனாகிவிட்டான். ஒரு நோன்பு மாலை, அடுப்படியில் உட்கார்ந்து மப்ரூகாவிடம் பழைய பெருமையை எடுத்தான்.

"அன்னிக்கு ஒரு சொட்டு விழுந்துச்சா? நீயே சொல்லு."

"எப்படிய்யா விழும்? கல்லு மாதிரி வேகவிட்டுல்ல குடுத்தேன்."

தீஜானி சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.

"அப்ப அந்த வலைக்காரனுக்கு?"

"அவனுக்கு என்ன?"

"அவனுத ஏன் வேகவிடல? முஹ்ஹ அப்படியே தளதளன்னு அவனுக்கு. எனக்குக் கல்லா? அவன் சிந்தாம தின்னுடுவான், இவனுக்குத் துப்பில்லன்னு நெனச்சியா?"

"உன்னத்தான கட்டிக்கிட்டேன், கிழவா? வயித்துப் பசி தலைக்கு ஏறிடுச்சு உனக்கு. நோன்பு தொறக்குற பீரங்கி வெடிக்கட்டும், வாயில எதையாவது போடு."*

* தீஜானிக்கு இந்தப் பொறாமையைக் கொடுத்தது நான். நிஜத் தீஜானி இப்படியெல்லாம் கேட்கமாட்டான். சாப்பிட்டுக் குறட்டை விடுவான். அந்தக் குறட்டைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெண் கேட்ட அன்று அவன் தட்டில் மிஞ்சிய மஞ்சள் கெட்டியாக இருந்தது என்று மப்ரூகாவின் அண்ணன் சொன்னான். அது மட்டும் நிஜம்.

5.

முடிவு ஒன்று: மிக்தாதை அவளுக்குப் பிடிக்கவில்லை, வேண்டுமென்றே...

கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: முதல் பிரிக்கை அவசரத்தில் எடுத்துவிட்டாள், இரண்டாவதில் கவனமாக இருந்தாள். நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே எனக்கு வேண்டாம்.

முடிவு மூன்று: பீரங்கி வெடித்தது. மப்ரூகா ஒரு பிரிக்கை எடுத்து தீஜானியின் தட்டில் வைத்தாள். "கடிச்சுப் பாரு, தெரியும்," என்றாள். அவன் ஒரு கையை அடியில் ஏந்திக்கொண்டு அதை வாயருகே கொண்டுபோனான்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். கடிக்க விடமாட்டேன்.

சரி, சட்டை என்னுடையது. மிக்தாத் நான்தான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அவள் இன்றைக்கும் கெட்டியாகத்தான் பொரித்திருந்தால், கெட்டிதான் அவள் பிரியம். எனக்கு அன்றே பதில் சொல்லிவிட்டாள். தளதளவென்று இருந்தால், அன்று அந்த முஹ்ஹை எனக்குத்தான்...

நீங்கள் கடித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தின்றுவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள். சொட்டினால் மட்டும் எனக்கு ஆள் அனுப்புங்கள்.