மஞ்சள் ஸ்டாண்டில் இருந்த ரத்தம்

துருவக் கடலின் இருண்ட ஆழத்தில் வாழும் ஒரு மீனுக்கு ரத்தம் சிவப்பாக இருக்காது. சிவப்பு நிறம் தரும் பொருளே அதில் கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு தாராளமாகக் கரைந்திருப்பதால், அதை அப்படியே ரத்தத்தில் கரைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. குளிரில் அந்த ரத்தம் பனிக்கட்டியாகாமல் காக்கும் புரதம்தான் என் ஐந்து வருட உழைப்பு. டியூபில் எடுத்து வைத்தால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் தண்ணீர்.

எங்கள் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். நான் எடுத்து வைத்திருந்த நான்கு டியூபையும் தொட்டியில் கொட்டி, பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார். துருவக் கடலுக்கு அடுத்த கப்பல் கிளம்ப இரண்டு வருடம் ஆகும். எனக்குத் தலை சுற்றியது. வாய் மட்டும் சுற்றவில்லை, நேராக அவர் மேல் பாய்ந்தது.

"இருபது வருஷம் மார்க்கெட்ல மீன் வெட்டினேன்னு பெருமையா சொன்னீங்களே, மீன் ரத்தம் கூடவா தெரியல?"

லேபே திரும்பிப் பார்த்தது.

"நான் வெட்டின மீனுக்கெல்லாம் சிவப்பாத்தான் இருந்துச்சு மேடம்," என்றார். காலி டியூபைப் பார்த்துவிட்டு, "வேற மீனே இல்லையா?" என்று கேட்டார்.

"ஃப்ரீசர்ல ஒண்ணு முழுசா இருக்கு. நாளைக்கு மியூசியத்துக்குப் போகுது. மேல ஒரு கீறல் படக்கூடாது."

"இதயத்துல ரத்தம் நிக்குமே. உறைஞ்சா கெட்டுடுமா?"

இந்தப் புரதம் உறைந்தாலும் கெடாது. இந்த மீனின் இதயம் அதன் உடம்புக்கு மிகப் பெரியது என்று எழுதிப் பட்டம் வாங்கியவளே நான்தான். ஆனாலும் இந்த யோசனை என் மண்டையில் உதிக்கவில்லை. மியூசியத்துக்குப் போன் செய்தேன். வெளியே தெரியாவிட்டால் சரி என்றார்கள்.

அண்ணன் மீனை ஐஸ் தண்ணீரில் போட்டு, பாதி இளகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு செவுள் மூடியைத் தூக்கி, இரண்டு விரலையும் ஒரு சின்னக் கத்தரியையும் உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தார். இதயம் முழுசாக வெளியே வந்தது. வயிற்றில் ஒரு கோடு கூட இல்லை. இதயத்தைக் கீறியதும் லேசாகக் கலங்கிய தண்ணீர் போல ரத்தம் இறங்கி ஒரு டியூபை நிரப்பியது. அந்த ஒன்று எனக்குப் போதும்.

லேபிள் ஒட்டி, கைக்கு எட்டிய மஞ்சள் ஸ்டாண்டில் வைக்கப் போனபோதுதான் கை நின்றது. அந்த ஸ்டாண்டில் எது இருந்தாலும் கேள்வி கேட்காமல் கழுவ வேண்டும். நானே எழுதி ஒட்டிய விதி அது.

"அண்ணே, அந்த நாலு டியூபும் எந்த ஸ்டாண்டுல இருந்துச்சு?"

"மஞ்சள்லதான். நீங்க போன் பேசிக்கிட்டே வெச்சீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க மூச்சு விடாம கத்தினீங்க, நடுவுல எங்க சொல்றது? அதைவிட, முதல்ல மீனைப் பாக்கணும்னு தோணுச்சு."

வெட்கத்தில் முகம் சுட்டது. என் தப்பைச் சுமந்துகொண்டே என் ஐந்து வருடத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர். திட்டியபோது கேட்ட அத்தனை பேரையும் கூப்பிட்டேன். அதே குரலில் சொன்னேன்:

"ரத்தம் வீணானது என் தப்பு. திரும்பக் கிடைச்சது இந்த அண்ணனால!"

அவர் கூச்சத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

"மெதுவா மேடம். மீன் முழிச்சுக்கப் போகுது."