இரண்டு பெட்டிக்கு எத்தனை தலையணை?

முத்துக்குமரன் வாங்கிய ஸ்பீக்கர் இரண்டும் பார்க்கத்தான் பீரோ மாதிரி இருந்தன. பாட்டுப் போட்டால் தகர டப்பாவைத் தட்டிய சத்தம். பெட்டிக்குள் பஞ்சை உதிர்த்துப் போட்டால் சத்தம் கனமாகும் என்று யாரோ வீடியோவில் சொல்லிவிட்டார். அவன் வேலை பார்ப்பதே ராஜபாளையத்து நூல் மில்லில்தான். ஆனால் கேட்டில் சட்டைப்பையைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

வீட்டில் மூன்று இலவம்பஞ்சுத் தலையணைகள் இருந்தன. மூன்றும் மனைவி பானுப்பிரியாவுக்குக் கூமாப்பட்டிப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தவை. அதில் கொழுத்தது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவன் அக்கா வந்தால் மட்டும் வெளியே வரும். அதைத் தொட அவனுக்குத் தைரியமில்லை. தன்னுடையது இல்லாமல் தூக்கம் வராது. மனைவியுடையதை அறுத்தான்.

ஃபேனை நிறுத்த மறந்துபோனான். பானுப்பிரியா கடையிலிருந்து திரும்பியபோது வீடெங்கும் பஞ்சு பறந்தது. புருஷன் வெள்ளை மீசையோடு தும்மிக்கொண்டிருந்தான்.

“அய்யோ, என் தலகாணி! என்ன கூத்துங்க இது?”

“ஏட்டி, செத்த நேரம் கேளு. பொறவு அடி.”

முதலில் வலப்பக்கப் பெட்டியைப் பாடவிட்டான்: அதே தகரம். அடுத்து, பஞ்சு வைத்த இடப்பக்கப் பெட்டி. தவில் நெஞ்சுக்குள் புகுந்து அடித்தது. காய்கறிப் பையோடு சேர்ந்து பானுப்பிரியாவின் தோளும் குலுங்கியது. சட்டென்று உள்ளே போனாள். விளக்குமாறு எடுக்கத்தான் என்று முத்துக்குமரன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

அவளோ நாத்தனாரின் தலையணையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

“இந்தப் பெட்டி மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு? அறுங்க. மதினி வந்தா ஸ்பீக்கர் மேல தலைய வச்சுப் படுக்கட்டும்!”