தொண்ணூற்றொன்பது டாக்டரின் பெயர்ப்பலகை

அந்த டாக்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கிளினிக் வாசலில் பித்தளைப் பலகையில் பத்திரமாக இருந்தது. புழக்கத்தில் இருந்ததென்னவோ நோயாளிகள் வைத்த பெயர்தான்: தொண்ணூத்தொன்பது. காய்ச்சல் இறங்குமா என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பார். தையல் பிரியாமல் இருக்குமா என்று கேட்டாலும் அதே கணக்குத்தான். மிச்சமுள்ள அந்த ஒன்று எங்கே போகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. அவரும் தேடிப் போனதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அது தானாகவே நடந்து வந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

வந்தவள் பஸ் டிரைவர். இரண்டு பிள்ளைகள், சின்னதுக்குப் பத்து மாதம். சீருடைப் பையிலிருந்து கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை எடுத்து, செக்கரிடம் டிக்கெட்டைக் காட்டுவதுபோல மேஜைமேல் வைத்தாள். தெளிவாக இரண்டு கோடு.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

டாக்டர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. 'ஒரு நாள்கூட விடல' என்று சொல்லும் பெண்களுக்கென்றே உள்ள சிரிப்பு அது. மருத்துவக் கல்லூரியில் பாடத்தோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்து அனுப்புவது. அவளோ கண்ணாடியில் பார்த்தே கடைசி சீட்டில் எவன் யாரைக் கிள்ளுகிறான் என்று சொல்லிவிடக்கூடியவள். சிரிப்பு உதட்டைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டாள்.

"பிள்ளையப் பத்திக் கேக்க நான் வரல. பெத்துக்கறதா வேணாமான்னு நானும் அவரும் உக்காந்து பேசிக்கணும். அதுக்கு மொதல்ல அவர் வீட்டுக்கு வரணும். அக்கா வீட்ல போய் உக்காந்து ஆறு நாளாச்சு."

அவள் புருஷனை டாக்டருக்கு நன்றாக நினைவிருந்தது. லிஃப்ட் மெக்கானிக். மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றைக்குக் கூடவே வந்து, இதை நம்பலாமா சார் என்று கேட்டவன். டாக்டருக்கு அன்று நல்ல மூடு. வாசலைக் காட்டி, இதைச் சாப்பிட்டு உங்க சம்சாரம் உண்டானா நீங்களே வந்து என் போர்டைக் கழட்டிக்கிட்டுப் போங்க, வாய்ப்பே இல்ல, என்று வீரவசனம் பேசி, மூவருமாகச் சிரித்திருந்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் இப்போது வினையாகிவிட்டது. மாத்திரை அட்டை ஒவ்வொரு மாதமும் காலியானதை மெக்கானிக் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். வாய்ப்பே இல்லை என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறான். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு விடைதான் வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"அவர் ஒரு வார்த்த தப்பா கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். "அவர் மனசுல உக்காந்திருக்கறது உங்க வார்த்த. போட்டவர் நீங்க, நீங்கதான் எடுக்கணும். வியாழக்கிழமை கூட்டிட்டு வரேன்."

அவள் போனதும் டாக்டர் நர்ஸிடம், எங்கேயாவது மறந்துபோயிருப்பாள், இவர்கள் சொல்வதையெல்லாம் நம்ப முடியுமா என்றார். நர்ஸ் அந்தக் கிளினிக்குக்கு அவருக்கு முன்பே வந்தவள். அவர் மேஜையின் கீழறையைத் திறந்து, அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். போன மாதக் கடைசியோடு தீர்ந்திருக்க வேண்டிய அட்டை. இன்று தேதி ஒன்பது. பதினொரு மாத்திரை உட்கார்ந்திருந்தது.

"உங்க வீட்டம்மா எண்ணிப் பாக்கச் சொன்னாங்க," என்றாள். "இந்தப் பேஷன்ட்டும் ஒரு நாள்கூட விடலன்னுதான் வீட்ல சொல்லிட்டிருக்காராம்."

டாக்டர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். கூடப் படித்தவர்கள் இருவர் பிரசவ மருத்துவர்கள். மாத்திரை சாப்பிடும் நூறு பெண்களில் வருஷத்துக்கு எத்தனை பேர் உண்டாவார்கள் என்று கேட்டார். முதலாமவர் யோசிக்காமல் ஒருத்தி என்றார். இரண்டாமவர் அதைவிடத் தைரியசாலி, அரை என்றார். அரைப் பெண் எப்படி உண்டாவாள் என்று கேட்க டாக்டருக்குத் தோன்றியது, கேட்கவில்லை. இருவருமே போனை வைக்குமுன், 'ஒழுங்கா சாப்பிட்டா' என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். பிசகே இல்லாமல் சாப்பிட்டால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வேலை, வீடு, வாந்தி, பயணம், மறதி என்று மனிதர்கள் நிஜத்தில் சாப்பிடுகிற விதத்தில் சாப்பிட்டால் ஏழு. இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்தன. பென்சில் கோடு முதல் எண்ணுக்கு அடியில் மட்டும் இருந்தது. கோடு போட்டது அவரேதான்.

பிறகு அவளுடைய ஃபைலைப் பிரித்தார். பால் கொடுக்கிற தாய் என்று ஒற்றை ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வகை மாத்திரை மூன்று மணி நேரத்துக்குமேல் தாமதத்தைப் பொறுக்காது. தினமும் ஒரே நேரத்தில் என்று அவர் கையெழுத்தில் கிறுக்கியிருந்தது. தொழில் என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது.

அவளுக்குப் போன் போட்டார்.

"மாத்திரைய எப்பம்மா சாப்பிடுவீங்க?"

"டூட்டி முடிஞ்சு பஸ்ஸ ஒப்படைச்ச உடனே. கை கழுவிட்டு மொத வேலை அதான். என்னைக்குமே மாத்தினதில்ல."

"டூட்டி எத்தன மணிக்கு முடியும்?"

"ஒரு வாரம் மதியம் ரெண்டு. அடுத்த வாரம் ராத்திரி பத்து."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒரு டெப்போவுக்கே உரிய ஒழுங்கோடு, ஒரு நாள் விடாமல், வாரத்துக்கு வாரம் எட்டு மணி நேரம் இடம் மாறி அந்த மாத்திரை அவள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அவளைப் பொறுத்தவரை அது ஒரே நேரம்தான். அவர் கேட்கவில்லை, அவளுக்குச் சொல்லத் தோன்ற நியாயமில்லை.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். மெக்கானிக் கருவிப் பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டர் முந்தின நாளெல்லாம் தயாரித்த பேச்சு அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"தம்பி, ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள மாட்டிக்கிட்டவங்களச் சந்தேகப்படுவீங்களா?"

"அவங்கள எதுக்கு சார்? கடைசியா சர்வீஸ் பாத்துக் கையெழுத்துப் போட்டவன் யாருன்னு பாப்பேன்."

டாக்டர் ஃபைலை அவன் பக்கம் திருப்பித் தள்ளினார். "பாருங்க. அந்தக் கையெழுத்து என்னுது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மணி நேரத்தை, இரண்டு ஷிப்டை, காலிக் கட்டத்தை, நூற்றுக்கு ஏழு என்ற கணக்கை. வாய்ப்பே இல்லை என்று அன்று சொன்னது வாய்க்கொழுப்பு என்றார். கடைசியில், யாரும் கேட்காமலே, பையிலிருந்த பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்தார். மெக்கானிக் அதை எண்ணினான். பதினொன்று இரண்டு நாளில் ஒன்பதாகியிருந்தது.

அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, மனைவியைப் பார்க்காமலே சொன்னான். "அக்கா வீட்ல தலகாணி கல்லு மாதிரி இருக்கு."

"எட்டு நாள் அதுல படுத்துமா இந்தத் தலை எளகல?" என்றாள் அவள். "கேள்வி இருந்தா கேக்கணும். பெட்டியத் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"கேக்கறேன்."

"நாளைக்கு எனக்குக் காலை டூட்டி. ரெண்டு மணிக்கு வந்துடுவேன். உக்காந்து பேசலாம்."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து, பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். டாக்டர் பின்னாலேயே போய் நின்றார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். நான்கு மூலையில் நான்கு திருகாணி. கீழே இரண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மேல ரெண்டு இருக்கட்டும் சார். உங்க தப்பு பாதிதானே."

அன்றிலிருந்து பலகை காற்றடித்தால் தட்டியது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் நர்ஸ், டாக்டர் சர்வீஸ்ல இருக்கார் என்றாள். டாக்டர் மாத்திரை எழுதுமுன் என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ஷிப்ட் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு பெண்ணுக்கு இருபது நிமிஷம் ஆனது. வெளியே வரிசை முணுமுணுத்தது. பலகை தட்டுகிற சத்தம் கேட்டபோதெல்லாம் இன்னும் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். பெற்றுக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. "மூணாவது சீட்டும் போட்டாச்சு, இதுதான் லாஸ்ட் ட்ரிப்," என்று அவள் படுக்கையில் ஏறிப் படுத்தாள். பரிசோதித்துவிட்டு டாக்டர், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நூற்றுக்கு எவ்வளவு என்று மெக்கானிக் கேட்டான். அதை அடுத்த மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

போகும்போது அவன் வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து இறுக்கினான்.

"இன்னொண்ணு?" என்றார் டாக்டர்.

"பிரசவம் முடியட்டும் சார். அப்புறம் என்ன எழுதறீங்கன்னு பாத்துட்டுப் போடறேன்."