கட்டிய சுவர் அல்ல

நான் சொன்னது இதுதான்: “நீங்கள் பார்ப்பது கட்டிய சுவர் அல்ல.” நான் வேலை பார்க்கும் கோளரங்கத்தின் ஒலிப்பதிவு அறையில், செவ்வாய்க் கோளின் படமொன்றைப் பார்த்தபடி சொன்னேன். அது ஏன் பாறை என்ற விளக்கத்தையும் தொடர்ந்து சொன்னேன்.

ஊர் கேட்டது வேறு: “நீங்கள் பார்ப்பது கட்டிய சுவர்.”

எங்கள் காணொளிகளை வெட்டி ஒட்டுபவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தோம். புதிய காட்சிக்கு விளம்பரமாக அவர் சின்னத் துண்டொன்றை வெட்டி வெளியிட்டார். துண்டு ‘சுவர்’ என்பதோடு முடிந்தது. தமிழில் மறுப்பு, வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. வாலை மட்டும் நறுக்கினால் போதும்.

மறுநாள் காலை அக்காவின் கணவர் தன் ஃபோனைச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்து, அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

“வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோம். உலகத்துக்கே சேதி சொல்லியிருக்கா பாரு.”

“அது தப்பு அத்தான். நான் ‘அல்ல’ன்னு சொன்னேன். அதை வெட்டிட்டாங்க.”

“என்ன அடக்கம் பாரு,” என்றார் அக்காவிடம்.

“முதல் மார்க் வாங்கிட்டு வந்தாலும் ‘பரவால்ல’ன்னுதான் சொல்லுவா. எப்பவும் அப்படித்தான்,” என்றாள் அக்கா.

அம்மா அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். “பெரியம்மா கேட்டாங்க, உள்ள யாராவது குடியிருக்காங்களான்னு.”

“வாடகை எவ்வளவுன்னு கேக்கலியா?” என்றாள் அக்கா. மூவரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கழுவப் போனேன்.

அப்போதுதான் பேராசிரியர் ஃபோனில் கூப்பிட்டார். கோள்களின் பாறைகளை ஆராயும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் அடுத்த மாதம் நான் சேர வேண்டும். நிலவியல் படித்து முடித்ததிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

“அந்தக் குரல் உன்னோடதா?”

“ஆமா சார். ஆனா…”

“அப்ப இங்க வந்து என்ன பண்ணப் போற? சுவருக்கு வெள்ளையடிக்கவா?”

நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் நம்பறேன். தேர்வுக் குழு நம்பணுமே. சாயங்காலம் கூடறாங்க. நீ சொன்னாப் பத்தாது. வெளியிட்டவங்களே திருத்தம் போடணும். இல்லேன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

கோளரங்க வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. வழக்கமாக மதியக் காட்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் உண்டு. மேலாளர் ஜன்னலோரம் நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்திரி மூலப் பதிவைத் திறந்தார். கணினித் திரையில் என் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. ‘சுவர்’ ஒரு குன்று. அதற்குப் பின்னால் ‘அல்ல’ எறும்புப் புற்று அளவுக்கு இருந்தது.

“நீ கடைசி வார்த்தைய முழுங்கிடற,” என்றார் கத்திரி. “மூச்சு விடற சத்தம்னு நெனச்சுட்டேன்.”

“இப்ப கேக்குதுல்ல?”

“கேக்குது. தப்புதாம்மா.”

“தப்புதான், யாரு இல்லைன்னு சொன்னா?” என்றார் மேலாளர். “ஆனா வெளிய கூட்டத்தப் பாத்தியா? ஒரு வாரம் போகட்டும். அப்புறம் திருத்தம் போட்டுக்கலாம்.”

“இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும் சார். என் இடம் போயிடும்.”

“முழுக் காட்சியில உண்மை இருக்கே. வந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

“வராதவங்க?”

“சொல்ல வேண்டியதச் சத்தமாச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல.” சிரித்தார். “போம்மா, காட்சிக்கு நேரமாச்சு.”

படியேறும்போது காதுமடல் கொதித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் என்னிடம் இதையேதான் சொல்லி வருகிறார்கள்: சத்தமாச் சொல்லு. காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவா என்று அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை. மெதுவாகச் சொன்ன ‘இல்லை’ ஆமாம் ஆகிவிடுமா?

கருவி அறை அரங்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. கூரையில் படம் காட்டும் கருவியை அன்று இயக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். இன்னொருவர் விடுப்பில் இருந்தார். ஆட்கள் உட்கார்ந்ததும் விளக்கை அணைத்தேன். கதவை உள்ளே தாழிட்டேன். காட்சியைத் தொடங்கவில்லை.

முதலில் இருமல் கேட்டது. பிறகு கைதட்டல், விசில். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

“என்னாச்சு? கருவி மக்கர் பண்ணுதா?” மேலாளர்.

“கருவி நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் மக்கர்.”

“விளையாடாத. கதவைத் திற.”

“திருத்தம் போடுங்க. திறக்கறேன்.”

“ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.” வெளியே யாரிடமோ சொன்னார்.

“ஊரைக் கெடுத்தது நீங்க. ஊமை இப்பத்தான் வாயத் திறக்கறா.”

என் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் கேட்டது.

“இத்தன பேரை இருட்டுல உக்கார வெச்சிருக்க. நியாயமா?”

“நீங்க நேத்திலிருந்து ஊரையே உக்கார வெச்சிருக்கீங்க சார்.”

“சார், போட்டுடலாம்,” என்றது கத்திரியின் குரல். “என் தப்புன்னே போடுங்க.”

ஃபோனில் தட்டும் ஓசை கேட்டது. மேலாளர் படித்தார்: “‘பார்வையாளர்கள் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதால்…’ போதுமா?”

“அவங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. தப்பா வெட்டினது நாம. ‘நாங்கள்’னு போடுங்க.”

அரங்கில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ எழுந்து நிற்கிறார்கள்.

“நாங்கள்,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அது காத்து அரிச்ச பாறைன்னும் போடுங்க. என் முழு வாக்கியத்தோட ஒலியையும் சேருங்க.”

திருத்தம் என் ஃபோனில் தெரிந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தேன். பேராசிரியருக்கு அனுப்பினேன். தாழைத் திறந்துவிட்டுக் காட்சியை ஓடவிட்டேன்.

கூரையில் விண்மீன்கள் வந்தன. செவ்வாயின் சுவர் வந்தது. அடுத்து அதே இடத்தின் இன்னொரு படம்: சூரியன் உச்சியில், நிழல் சுருங்கி, சுவர் போய் விரிசல் விட்ட பாறைப் படிவம் மட்டும் மிஞ்சியது. “அடச்சே,” என்றார்கள் சிலர். ஒருவர் எழுந்து போனார். “மறைச்சுட்டானுங்கய்யா,” என்று போகிற போக்கில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்,” என்றார் மேலாளர்.

“சரி சார்.”

மாலை பேருந்தில் பேராசிரியரின் செய்தி வந்தது. பெயர் இருக்கிறது, வந்து சேர். மகிழ்ச்சி வரட்டும் என்று காத்திருந்தேன். கோபம் நகர்ந்து இடம் கொடுத்தால்தானே. திருத்தத்துக்குக் கீழே எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்: அந்தப் பொண்ணை மிரட்டி மாத்திப் பேச வெச்சுட்டாங்க.

வீட்டு வாசலில் அத்தான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அவர் பின்னால்.

“யாரு மிரட்டினது? பேரை மட்டும் சொல்லு.”

“யாரும் மிரட்டல அத்தான். நான்தான் மேலாளரை மிரட்டினேன்.”

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“எவ்வளவு பயமுறுத்தியிருக்காங்க பாரு,” என்றார்.