இருபதாவது ஆள்

எனக்குக் கை நடுங்கும். ஆய்வகத்தில் இது ஊரறிந்த ரகசியம். துளித்துளியாக அளந்து விடுகிற வேலைக்கு நான் வந்தது, நீச்சல் தெரியாதவன் படகோட்ட வந்த கதை. எந்த முடிவு கோணலாக வந்தாலும் முதலில் என் கையைத்தான் சந்தேகிப்பேன்.

கணையப் புற்றுநோயை ஒரு புரதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத இருபது பேரின் ரத்தம் வேண்டும். பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். இருபதாவதாக அக்காவை இழுத்து வந்தேன்.

"ஊசி போடத் தெரியாத டாக்டரு, நீ குத்தாதடா. அந்த நர்ஸைக் குத்தச் சொல்லு" என்று கையை நீட்டினாள்.

குழாயில் 'இருபது' என்று நானே ஒட்டினேன்.

அளந்தபோது பத்தொன்பது பேரும் ஒரே மட்டத்தில் நிற்க, இருபது மட்டும் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருந்தது. மறுபடி அளந்திருக்க வேண்டும். கட்டுரை அந்த வாரமே போக வேண்டும். என் ஒப்பந்தம் முடிய நாற்பது நாள்.

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன் கைதானே?"

"என் கைதான் சார்."

இருபதை எடுத்துவிட்டோம். கட்டுரை வந்தது. அதைக் காட்டி எனக்கு நிரந்தர விரிவுரையாளர் வேலையும் வந்தது.

மூன்று வருடம் கழித்து அக்காவுக்குக் கண் மஞ்சளித்தது. ஸ்கேனில் கணையம் என்றார்கள்.

உறைபெட்டியைத் துழாவி இருபதாம் குழாயை எடுத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கை நடுங்காத டெக்னீஷியனிடம் கொடுத்தேன். மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதே உச்சாணிக்கொம்பு.

ஆஸ்பத்திரியில் அக்கா கட்டுரையைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். வருகிற நர்ஸிடமெல்லாம் 'இதுல என் ரத்தம் இருக்கு' என்று பீற்றிக்கொள்வதற்கு.

"டேய், இருபது பேர்னு சொன்னே. பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல, ஒருத்தரை அளவீட்டுப் பிழைன்னு நீக்கிட்டோம்னு இருக்கு. யாருடா அந்தப் பிழை?"

அந்த ஒரு புரதத்தை வைத்து அப்போதே யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். பொய்யுமில்லை. ஆனால் வாயில் வரவில்லை.

"நீதான்க்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷம்" என்றாள். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, "அப்ப உன் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"என்னைத் திரும்ப அந்தக் கட்டுரைக்குள்ள சேர்த்துடு. வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"திட்டுவாங்க."

"திட்டட்டும். சின்ன வயசுல நான் திட்டாததா?"

திருத்தக் கடிதத்தைப் பார்த்துப் பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "இதை இப்ப யாருப்பா கேட்டா?"

"இருபதாம் நம்பர் கேட்டாங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். திருத்தம் அச்சாக ஐந்து மாதமாயிற்று. அக்கா மூன்றாவது மாதமே போய்விட்டாள்.

இப்போது அந்த வரைபடத்தை வகுப்பில் வரைகிறேன். பத்தொன்பது புள்ளிகள் கீழே, ஒன்று மட்டும் மேலே. ஒவ்வொரு வருடமும் யாராவது, "சார், அந்த ஒண்ணு தப்பா விழுந்திருக்கு" என்பார்கள்.

அது எங்க அக்கா என்று நாக்குநுனி வரை வரும்.

"மறுபடி அளந்து பாருங்க" என்கிறேன்.