டீ தொட்டிக்கே வந்தது

மணலியில் ஒரு எண்ணெய்க் கிடங்கு. தரைக்குள் புதைத்த தொட்டிகளின் அடியில் தங்கும் கசடை வாரி வெளியே கொட்டுவது எங்கள் வேலை. என் வீட்டுக்காரர் பாரி உள்ளே இறங்கி வாளியில் அள்ளுவார். நானும் கெங்கம்மாவும் மேலே நின்று கயிற்றில் இழுப்போம். மேஸ்திரி பீம்ராவ்.

மூடியைத் திறந்ததும் பீம்ராவ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"வாங்க, டீ குடிச்சிகினு வரலாம்."

கேட்டைத் தாண்டி, டேங்கர் லாரி வரிசையைச் சுற்றிக் கடைக்குப் போய், குடித்து, ஊர்க்கதை பேசித் திரும்பினால் வெயில் ஏறியிருக்கும். அதற்குள் தொட்டியிலிருந்த விஷக்காற்று போயிருக்கும். காற்று போகட்டும், சும்மா நிற்கிறோம் என்றால் எந்த முதலாளி விடுவான்? டீ என்றால் விடுவான். சோம்பேறிக் கூட்டம் என்று பெயர் வாங்கினோம். வாங்கினால் என்ன, முழுசாக வீடு திரும்பினோம்.

இரண்டாயிரத்து மூன்றில் குணசேகரன் என்று புது சூப்பர்வைசர் வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே சண்டை பிடித்திருப்பேன். ஒருநாள் காலை மூடியைத் திறந்து வைத்த கையோடு, பெரிய பிளாஸ்கும் பிஸ்கட்டுமாக அவரே வந்து நின்றார்.

"எதுக்கு வெயில்ல அவ்ளோ தூரம் நடக்குறீங்க? இனிமே டீ இங்கயே வரும். குடிச்சதும் எறங்குங்க, லாரி காத்துக்கிட்டு நிக்குது."

பீம்ராவ் கிளாஸை வாங்கினார், குடிக்கவில்லை.

"நாங்க கடையாண்ட போய்க் குடிக்கிறோம் சார்."

"இதுவும் டீதானே?"

"உள்ள கேஸு கீது சார். கொஞ்சம் காத்து போவணும்."

குணசேகரன் சிரித்துவிட்டார். "இத்தன வருஷமா டீன்னுதான் சொல்லியிருக்க. டீ வந்ததும் கேஸா? முடியலைன்னா சொல்லு, வேற ஆளுங்க இருக்காங்க."

புலி வருது கதையாகிப் போனது.

பாரி மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தார். நான் சட்டையைப் பிடித்தேன்.

"போவாதய்யா."

"உடு செங்கொடி. இந்த வேலயும் பூட்டா சோத்துக்கு இன்னா பண்றது?"

வாளி நிறைந்தால் கீழிருந்து கயிற்றை ஆட்டுவார். அன்று கயிறு ஆடவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பீம்ராவ் கிளாஸைப் போட்டுவிட்டு, "பாரி, டேய் பாரி" என்று கத்திக்கொண்டே உள்ளே இறங்கினார். அவரும் ஏறி வரவில்லை. நானும் இறங்கப் போனேன். கெங்கம்மா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஏன் பிடித்தாள் என்று இன்றைக்கும் அவள்மேல் ஆத்திரம் வருகிறது.

தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

மறுநாள் கிடங்குக்குத் துக்க விடுமுறை. கேட்டில் கறுப்புத்துணி கட்டினார்கள். லாரிகள் காத்திருந்தன. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் டீயைச் சாக்கு வைத்துத் திருடிய நேரத்தை இரண்டு உயிர் போனபிறகு தாராளமாகக் கொடுத்தார்கள். களேபரத்தில் தொட்டியை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. இரவும் பகலும் கடல்காற்றில் திறந்தே கிடந்தது.

விடுமுறை முடிந்ததும் வேறு ஆட்களை அதே தொட்டியில் இறக்கினார்கள். அவர்கள் கழுவி முடித்து நல்லபடியாக ஏறி வந்தார்கள்.

அன்று சாயங்காலமே குணசேகரன் வியாசர்பாடிக்கு எங்கள் வீடு தேடி வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

"தொட்டியில ஒண்ணும் இல்லம்மா. இன்னிக்கு ஆளுங்க எறங்கி வேல செஞ்சிட்டாங்க. பாரிக்கு முன்னாடியே நெஞ்சுவலி ஏதாவது இருந்துச்சா? குடிப்பாரா?"

"ரெண்டு நாளா தொறந்து கெடந்துச்சே சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. சொல்லித்தான் யார் திரும்பி வரப்போகிறார்கள்?

கெங்கம்மா அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். நேரமில்லை என்று எழுந்து போனார்.