வலது கிளையில் இல்லாத சர்க்கரை

திங்கட்கிழமை காலை அந்த மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு. வம்புக்கு நம் வசதி பார்த்து வரும் வழக்கம் கிடையாது.

பதினோரு வருடமாக இந்த ஆய்வகத்தில் நான் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் ஒரு கையெழுத்தில் என்னை நீட்டிப்பார்கள். நிரந்தர வேலைக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்து நான்கரை. இந்த வியாழக்கிழமையை விட்டால் இந்த ஜென்மத்தில் வேறு இல்லை. கையில் இருந்த ஒரே சரக்கு ஒரு கட்டுரை.

தாய்ப்பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதற்கு இரண்டு கிளைகள். இடது கிளையில் ஃபியூகோஸ் என்ற குட்டிச் சர்க்கரை ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். சில தாய்மார்களின் பாலில் அது வலது கிளையிலும் உட்காரும் என்று சொன்னவள் நான். மாஸ் ஸ்பெக் என்று நாங்கள் அழைக்கும் எந்திரம், மூலக்கூறை வாயுவில் மோதவிட்டு உடைத்துத் துண்டுகளை எடைபோடும். துண்டுகளை வைத்து முழுசு எப்படி இருந்தது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. வலது கிளையும் ஃபியூகோஸும் சேர்ந்தால் வரவேண்டிய எடையில், திரையில் ஒரு பீக், அதாவது கோட்டில் எழும் கூர்முனை, ஊசி மாதிரி நின்றது. மூன்று வருடம் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை மின்னஞ்சலில், கட்டுரையை இதழுக்காகச் சரிபார்த்த முகம் தெரியாத ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ‘அமிலத்தில் கரைத்து உடைத்தால் ஃபியூகோஸ் இடம் மாறக்கூடும் என்பது தெரிந்ததே. சோடியம் சேர்த்துச் சோதித்தீர்களா?’

தெரிந்ததேயாம். எனக்கும் தெரியும். கூட்டமான பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் நம் பை பக்கத்து சீட்காரர் மடியில் விழும், பார்க்கிறவன் அதை அவர் பை என்றே நினைப்பான். அதே கதைதான். உடைவதற்கு ஒரு நொடி முன்னால் ஃபியூகோஸ் தாவி வேறு கிளையில் ஒட்டிக்கொள்ளும். படித்திருந்தேன். அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பது மாதிரி படித்திருந்தேன்.

இதில் கேவலம் என்னவென்றால், சோடியம் எங்களுக்குப் பரம எதிரி. ஒரு துளி உப்பு பட்டாலும் திரையில் பீக் இரண்டாகப் பிரிந்து உயிரை வாங்கும். கண்ணாடிக் குப்பியிலிருந்துகூட உப்பு கசியும் என்று பிளாஸ்டிக் குப்பி மட்டுமே வைத்தோம். தண்ணீரை மூன்று முறை காய்ச்சி வடித்தோம். பீக் பளிச்சென்று வர எல்லாவற்றிலும் அமிலம் விட்டோம். அந்தச் சர்க்கரையைத் தாவவிடாமல் பிடித்து வைக்கும் ஒரே பொருளைத்தான் மூன்று வருடமாக விரட்டி விரட்டி அடித்திருக்கிறோம்.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்போம். அவரிடம் உப்புக் கரைசலை நீட்டியபோது, விஷம் கொடுத்த மாதிரி பார்த்தார்.

"இத உள்ள விட்டா கழுவ ரெண்டு நாள் ஆகும்மா."

"கழுவிக்கலாம்ணே. விடுங்க."

இருபது நிமிடம். இடது கிளைத் துண்டு வந்தது. வலது கிளைத் துண்டும் வந்தது, ஃபியூகோஸ் இல்லாமல், மொட்டையாக. என் பீக் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஸ்கேல மாத்திப் பாருங்கண்ணே."

"மூணு தடவ மாத்திட்டேன்."

ஒன்பது தாய்மார்களின் பால் இருந்தது. மறுநாள் மாலைக்குள் ஒன்பதையும் ஓட்டினோம். ஒன்பதிலும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பதில் சொல்ல ஒரு மாசம் டைம் இருக்குல்ல? இத அடுத்த வாரம் ஓட்டினதா வெச்சுக்குவோம். தேதிய நான் பாத்துக்கறேன். நீ போய் இன்டர்வியூவ முடிச்சிட்டு வா."

நல்ல மனுஷன். அவர் காலில் விழுந்து சரி என்று சொல்லத் தோன்றியது. எங்கள் ஆய்வகத் தலைவருக்குப் போன் செய்தேன். "உன் இஷ்டம்மா" என்று வைத்துவிட்டார். பழியில் பங்கு வேண்டாமென்றால் பெரியவர்கள் எல்லோரும் நம் இஷ்டத்தை மதிப்பார்கள்.

புதன்கிழமை வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயா எதுக்குச் சொல்லணும்? கேட்டா சொல்லு."

"மொதல் கேள்வியே அதாங்க கேப்பாங்க."

வாளித் தண்ணீரைக் காலால் அளைந்தார். "எங்க வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா உடனே எழுதி வெக்கணும். எழுதினா மெமோ வரும். எழுதாம மறைச்சவனோட நான் டீகூடக் குடிக்கறதில்ல. அதுக்காக உன்னப் போய்..." பாதியில் நிறுத்தினார். "இந்த வேல உனக்குக் கெடைக்கணும்னு எனக்கும் ஆசதான். சரி விடு. தூக்கம் வருது, துண்டு எடு."

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினேன். வீரமெல்லாம் இல்லை. இன்னும் ஒரு வாரம் அதைச் சுமக்கத் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவரை எனக்கு முகம் பார்க்காமலே தெரியும். ரத்தத்தில் உள்ள சர்க்கரைகளில் ஃபியூகோஸ் எங்கெங்கே உட்காருகிறது என்று எழுதிப் பேர் வாங்கியவர். நான் அமிலம் விடும் அளவே அவர் கட்டுரையைப் பார்த்து எடுத்ததுதான்.

"உங்க முக்கியமான கண்டுபிடிப்பு, வலது கிளை ஃபியூகோஸ். அதப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"அது இல்லீங்க சார். உப்பு போட்டு ஓட்டினேன். போயிடுச்சு."

பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடினார். நடுவில் இருந்தவர் மூடவில்லை.

"மொத்தமும் போயிடுச்சா?"

"ஒம்பது சாம்பிள்லயும் சார்."

"ஆசிட் எவ்வளவு விட்டிருந்தீங்க?"

சொன்னேன். அது யாருடைய கணக்கு என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முகத்தை நான் செவ்வாய்க்கிழமை மாலை கழிவறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என்னைப் பதினோரு வருடம் காக்க வைத்தவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் இவர் மேல் கொட்டலாமென்றுதான் வந்தேன். முடியவில்லை. பாவமாக இருந்தது.

"சரிம்மா, நீங்க போகலாம்" என்றார் பேனாவை மூடியவர்.

"ஒரு நிமிஷம்." நடுவில் இருந்தவர் முன்னால் சாய்ந்தார். "உப்பு எவ்வளவு?"

"அர மில்லிமோலார் சோடியம் அசிடேட் சார். ஆசிட் சுத்தமா கூடாது. மோதற வேகத்தக் கொஞ்சம் கூட்டணும், உப்பு சேந்தா லேசுல உடையாது."

கைக்குக் கிடைத்த தாளில் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான் அது என் தாள் என்றும், எழுதிய இடம் எனக்கு மார்க் போட வேண்டிய கட்டம் என்றும் பார்த்தார். அதை அடித்துத் திருத்தவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.